கழுதைகள் நக்கிய ஓவன்

சூரியன்தான் பெரிய சூடு என்று விஞ்ஞானப் புத்தகத்தில் எழுதியவர்கள் கற்பிட்டிக்கு வந்து பார்க்காதவர்கள். வந்திருந்தால் முத்தலிபின் ஓவனுக்கு முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, போய்ப் புத்தகத்தைத் திருத்தியிருப்பார்கள். சூரியனுக்கு இரவில் லீவு, மழை நாளில் அரை லீவு. முத்தலிபின் ஓவனுக்கு அப்படி எதுவும் கிடையாது. இத்தாலிக்காரர்கள் பாவம், பீட்சாவைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சுடச் சரியான அடுப்பில்லாமல் இத்தனை காலமும் ஏதோ சமாளித்து வந்திருக்கிறார்கள். அந்த அடுப்பு கடைசியில் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில், தகரக் கூரை போட்ட ஒரு குசினியில்தான் உருவாக வேண்டுமென்று இருந்திருக்கிறது.

இவ்வளவும் முத்தலிபே தன் வாயால் சொன்னது. சொன்ன நேரத்தில் அந்த ஓவன் அலுமாரிக்கு மேலே, வயிறு நிறையப் பெருநாள் பீங்கான்களை அடைத்துக்கொண்டு தூசி படிந்து கிடந்தது. கூடியிருந்த மகாசபை அவருடைய மகள் ஷிம்லா ஒருத்திதான். அவள் பாதியில் கொட்டாவி விட்டாள்.

முத்தலிபுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உப்பளத்தில் உப்பு வாருவது தொழில். மற்ற நேரங்களில் கண்டுபிடிப்பாளர். கோழிக்கூட்டுக்குத் தானாகத் திறக்கும் கதவு ஒன்று செய்தார். கோழிகள் அதைத் திறக்கப் பழகிக்கொண்டன, அதற்குப் பிறகு வீட்டில் கோழி இல்லை. மழைத் தண்ணீரைக் குசினிக்குக் கொண்டுவரக் குழாய் போட்டார். தண்ணீர் வந்தது, கட்டிலுக்கு. படிப்பு தரம் எட்டோடு சரி. ஷிம்லா சாதாரண தரம் வரை போய்க் கணிதத்தில் விழுந்தவள். ஆகவே அந்த வீட்டில் படித்தவர் அவள்தான், ஆனால் அதற்குரிய மரியாதை அவளுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சித்தி லெய்லா என்ற பெயர் கொண்ட ஷிம்லாவின் உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது, ஷிம்லா ஐந்தாம் தரத்தில் ஸ்கொலர்ஷிப் சோதனை எழுதிய வருஷம். அன்றிலிருந்து தலைபின்னும் இலாகாவும் முத்தலிபின் கைக்கு வந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தோணி கட்டும் முடிச்சு. "ஒங்கட வாப்பா ஒன்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாரா, கரையில கட்டிட்டுப் போறாரா?" என்று ஒரு டீச்சர் வகுப்பு முழுவதும் சிரிக்கக் கேட்டார். ஷிம்லா மறுநாள் அந்த டீச்சரின் குடைக்குள் ஒரு நண்டை விட்டாள். வீட்டில் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நண்டுக்காக வாங்கிய அடியையும் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

ஓவன், உம்மா அனுப்பிய முதல் பார்சலில் வந்தது. கோழிக் கூண்டளவு இருக்கும், கரண்டில் வேலை செய்வது. கேக் சுடத் தெரிந்தவர் குவைத்தில், ஓவன் கற்பிட்டியில் என்று ஆனதால், அது பீங்கான் பெட்டியாகப் பதவி உயர்வு பெற்று மேலே போனது.

அது கீழே இறங்கியதற்குக் காரணம் உம்மா போனில் பேசி அனுப்பிய ஒரு வொய்ஸ். இனித் திரும்பிப் போகாத மாதிரி முழுசாக வரப்போகிறேன் என்று சொன்ன அதே வொய்ஸ்தான். சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவினார்.

"வியாழக்கிழம வந்தா இங்க பிள்ளையளுக்குப் பீட்சா. நான்தான் சுடுற. எல்லாரும் திண்டு முடிச்சு, ஏனம் கழுவக்குள்ள ஓரத்துண்டு ஒண்டு ரெண்டு கிடக்கும். நிண்ட நிலையிலேயே வாயில போடுவன். கல்லு மாதிரி இரிக்கும். இத்தின வருஷம் சுட்டும், சூட்டோட ஒரு துண்டு எப்படி இரிக்கும் எண்டு எனக்கு இன்னும் தெரியாது, பாருங்களேன்."

சொல்லிவிட்டு உம்மா சிரித்தார். முத்தலிபு சிரிக்கவில்லை. போனைக் குப்புற வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்தவர் அலுமாரியைப் பார்த்தார். சூரியன், விஞ்ஞானப் புத்தகம், இத்தாலிக்காரர்கள் எல்லாம் அப்போதுதான் வந்தது.

"ஒங்கட உம்மா வந்து எறங்கினா, மொதல் வாய் பீட்சா. சுடச்சுட. இருந்து தின்னணும்."

"உம்மாக்குச் சோறும் மீனும்தான் வேணும் வாப்பா. பீட்சா அவங்கட டியூட்டி."

"சுடுறதுதான் டியூட்டி," என்றார் முத்தலிபு. "சூட்டோட திங்கிறது டியூட்டி இல்ல."

ஷிம்லா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள். பீங்கான்களை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

சந்தியில் பிரிட்ஜும் ஏசியும் திருத்தும் தினுஷன் கூப்பிடப்பட்டான். பட்டம் பிடித்துக் கடலில் பறக்க வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டல்களில் அவனுக்கு வேலை அதிகம். அதனால் உண்மையான பீட்சாவைக் கண்ணால் கண்டவன் என்ற தகுதியும் இருந்தது. சூடு ஏறினால் தானாக நின்றுவிடும் உறுப்பை அவன் கழற்றி, சூடேற்றும் கொயில் கம்பி இன்னொன்று பூட்டினான். ஹோட்டல் ஒன்று உடைத்துப் போட்ட கருங்கல் பலகையை முத்தலிபு அளவாக வெட்டி அடியில் வைத்தார். இரண்டு பக்கமும் செங்கல்.

முதல் வெள்ளோட்டத்தில் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டர் சுருண்டது. பல்லி குடிபெயர்ந்தது. ஓவனுக்குப் பக்கத்தில் நின்ற மூவரும் வியர்வையில் குளித்தார்கள். பீட்சா மட்டும் எந்தக் கவலையுமின்றி, போனபோது இருந்த நிறத்திலேயே திரும்பி வந்தது.

"நானா, இந்த ஓவன் குசினிய நல்லாச் சுடுது," என்றான், முத்தலிபை அண்ணன் முறை வைத்தே கூப்பிடும் தினுஷன். "பீட்சாவைத்தான் சுடேல்லை."

"ஏன்?"

"சூடெல்லாம் வெளியால ஓடுது. சுத்திவரத் தகரப் பெட்டி அடிச்சு, இடையில எதையாவது அடைக்க வேணும். கொழும்பில கண்ணாடிப் பஞ்சு எண்டு விக்கிறாங்கள்."

"கண்ணாடியா? திங்கிற சாமானுக்குப் பக்கத்துலயா?"

"அதத் திங்கச் சொல்லேல்லை நானா."

"தேவல்ல. எங்கிட்டச் சாமான் இரிக்கி."

அவரிடம் இருந்த சாமான் உப்பு. இதை அறிவீனம் என்று சொல்லிவிடவும் முடியாது. பகல் முழுக்க வெயில் குடித்த உப்புக் குவியலுக்குள் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு கையை விட்டால் உள்ளே சூடு அப்படியே இருக்கும். அது முத்தலிபின் கைக்குத் தெரியும். உப்பளத்தில் பிழைக்கிற ஒருவர் சூட்டைப் பூட்டிவைக்க வேறு எதைத் தேடிப் போவார்? தகரப் பெட்டி அடித்து, ஓவனை உள்ளே இறக்கி, இடைவெளி முழுவதும் உப்பைக் கொட்டி இடித்து இறுக்கினார். அதற்குப் பிறகு ஓவனை மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியவில்லை. அதையும் அவர் வெற்றிக் கணக்கிலேயே சேர்த்தார்.

நடுப்பகல் ளுஹருக்குப் போட்ட கரண்டுக்குப் பின்னேரம் அஸர் தொழுகை வரை ஓவன் சூடாகவில்லை. உப்பு சூட்டை வெளியே விடவில்லை, உண்மைதான். பீட்சாவுக்கும் விடவில்லை. எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டது.

"கொஞ்சம் பழகணும்," என்றார் முத்தலிபு.

"யாரு, உப்பா, நாங்களா?" என்று கேட்டாள் ஷிம்லா.

அது கச்சான் காற்றுக் காலம். கடலில் இருந்து வரும் ஈரமெல்லாம் நேராக அந்தத் தகரப் பெட்டிக்குள் போய்க் குடியிருந்தது. இரண்டு நாளில் பெட்டியின் மூலையால் உப்புத் தண்ணீர் வடியத் தொடங்கியது. ஷிம்லா கதவைத் திறக்கத் தொட்டபோது, ஓவன் அவள் கையைப் பிடித்து உலுக்கி ஸலாம் சொன்னது. அன்றைக்கே வயரைப் பிடுங்கி, தினுஷனோடு பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்து, தம்பிடித்துத் தூக்கி, ஈரம் காயட்டும் என்று பின்விறாந்தையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

கற்பிட்டியில் கழுதைகளுக்கு எசமான் கிடையாது. பஸ் நிற்கும் இடத்திலும் நிற்கும், கல்யாண வீட்டு வாசலிலும் நிற்கும். விடியற்காலை சுபஹுக்கு எழும்பி முகம் கழுவப் போன ஷிம்லா, பின்விறாந்தையில் இரண்டு பெரிய கழுதைகளும் ஒரு குட்டியும் ஓவனைச் சுற்றி நின்று, தகரத்தின் பொருத்துகளைப் பக்தியோடு நக்கிக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஒன்று கதவை எப்படியோ திறந்து தலையை உள்ளே விட்டிருந்தது.

இப்படி ஒரு காட்சியை வீணாக்குகிற ஆளல்ல ஷிம்லா. படம் எடுத்தாள். ஸ்டேட்டஸில் போட்டாள். கீழே எழுதினாள்: "முத்தலிபு பீட்சா. முதல் வாடிக்கையாளர்கள் பூரண திருப்தி."

ஊர் சிரித்தது. உப்பளத்தில் இருந்தவர்களும் போன் வைத்திருந்தார்கள். அன்று பின்னேரம் முத்தலிபு வீட்டுக்கு வந்தபோது, வீட்டுக்கு வரும் ஒழுங்கைத் தெருவின் திருப்பத்தில் யாரோ கழுதை மாதிரிக் கத்தியதும், வேறு யாரோ சேர்ந்து கத்தியதும் ஷிம்லாவுக்குக் கேட்டது. திட்டு விழும் என்று அவள் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

"நல்ல போட்டோ," என்றார் முத்தலிபு.

அவ்வளவுதான். கை கால் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். "ஒங்கட உம்மா பாத்தாவா?"

ஷிம்லா பார்த்தவர்களின் வரிசையை எடுத்து மேலிருந்து கீழே தேடினாள். உம்மாவின் பெயர் இன்னும் இல்லை. படத்தை அழித்தாள்.

"இல்ல வாப்பா."

"சரி. சோறும் மீனும் ஆக்குவம். நீ சொன்னதுதான் சரி."

முத்தலிபோடு வாழ்ந்த காலத்தில் ஷிம்லா அவர் வாயிலிருந்து கேட்காத வசனம் அது. நீ சொன்னதுதான் சரி. எத்தனையோ நாள் அதைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறாள். கேட்டபோது வாய்க்குள் உப்புக் கட்டி போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் வேலிக்கு மேலால் பக்கத்து மரக்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்று மேடைக்குப் போடுவதற்காக எலுவன்குளத்திலிருந்து லொறியில் நெல் உமி வரும். அதைக் குவித்து எரிப்பார்கள். சுவாலை இல்லாமல் நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அப்படி எரிந்து வெளுத்த ஒரு குவியலின் உச்சியில், உலகத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லாதது மாதிரி ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது.

ஷிம்லா கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்தாள். பிறகு உரத்துக் கூப்பிட்டாள்.

"வாப்பா! இங்க வந்து பாருங்க. உள்ள நெருப்பு, மேல பூன. நீங்க கழுதயக் கேட்டு உப்புப் போட்டீங்க. இந்தப் பூனையிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

முத்தலிபு வந்தார். கோபப்படக்கூட அலுப்பாக இருந்த முகம். பூனையைப் பார்த்தார். வேலியைத் தாண்டினார். பூனையை மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது படுத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். இளஞ்சூடு. ஒரு கம்பை எடுத்துக் கிண்டினார். ஒரு சாண் ஆழத்தில் கங்கு சிவந்து கிடந்தது.

அன்று மஃரிபுக்குள், உமிச் சாம்பல் என்ற யோசனை தனக்கு எப்போதோ வந்துவிட்டதாகவும், உப்பை ஒரு சோதனைக்காகத்தான் போட்டதாகவும் முத்தலிபு தினுஷனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். ஷிம்லா மறுக்கவில்லை. கொட்டாவியும் விடவில்லை.

உப்பை வழித்துக் கொட்டி, ஓவனை நல்ல தண்ணீரில் துடைத்து வெயிலில் காயவைத்தார்கள். துருப்பிடித்த பெட்டிக்குப் பதிலாகப் புதுத் தகரம். எரியாத கறுப்பு உமி சேர்ந்தால் புகையும் என்று, சாம்பலை உம்மாவின் மா அரிக்கும் அரிதட்டில் அரித்து வெள்ளைச் சாம்பலை மட்டும் எடுத்தார்கள். அந்த அரிதட்டுக்கு நேர்ந்ததை உம்மாவிடம் சொல்வதில்லை என்று தந்தையும் மகளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தினுஷன் வயரையெல்லாம் மாற்றி எர்த் கம்பியும் பூட்டினான். "இனிமேல் ஆருக்கும் ஸலாம் சொல்லாது நானா," என்றான். கதவுக்கு உள்பக்கமும் ஒரு தகரத் தட்டு வைத்துச் சாம்பல் அடைத்தார்கள். ஓவன் குசினிக்குத் திரும்பியது.

அடுத்த வெள்ளோட்டத்தில் பீட்சா கரியாக வந்தது. முத்தலிபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைச் சுவரில் மாட்ட ஆணி தேடினார்.

உம்மா வரும் நாள். முத்தலிபு ஒரு வேனில் விமான நிலையத்துக்குப் போனார். போகுமுன் ஷிம்லாவுக்குக் கட்டளைகள் போட்டார்: மாவைத் தட்டித் தயாராக வை, றாலை வெட்டி வை, நான் போன் பண்ணும்போது கரண்டைப் போடு, என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதே. ஒரு மூடி இருந்தால் தூக்கிப் பார்க்காமல் விடாத பிள்ளை அது என்று அவருக்குத் தெரியும்.

பின்னேரம் போன் வந்தது. "முந்தல் தாண்டிட்டம். போடு."

பின்னால் உம்மாவின் குரல் கேட்டது. "என்னத்தப் போடச் சொல்றீங்க?"

"லைட்ட," என்றார் முத்தலிபு.

ஷிம்லா போட்டாள். கொயில்கள் சிவந்தன. கதவை மூடினாள். வெளியே கச்சான் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மணல் வராமல் ஜன்னலைச் சாத்தினாள். மாவைத் தட்டினாள். வட்டமாகத் தட்டத்தான் நினைத்தாள், அது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. மன்னாரை மடித்து உள்ளே விட்டு, மேலே சீஸும் றாலும் தூவி வைத்தாள்.

நேரம் நன்றாகப் போயிருந்தது. திடீரென்று ஃபேன் நின்றது. ஓவனின் சிவப்பு லைட்டும் அணைந்தது. வெளியே போய்ப் பார்த்தாள். ஒழுங்கை முனையில் ஒரு தென்னை மட்டை கரண்டு வயர்களில் குறுக்கே தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று அதை வைதார்கள். மட்டை அசையவில்லை.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. "பாலாவியால கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்பிட்டம். எப்படி மகள், சூடு ஏறிட்டா?"

அவருடைய குரலை அவள் அப்படிக் கேட்டதில்லை. ஒழுங்கையில் யாரும் கழுதை மாதிரிக் கத்தாத, கோழி ஓடாத, மழை ஒழுகாத ஒரு வாப்பாவின் குரல்.

"ஏறிட்டு வாப்பா. எல்லாம் ஓகே."

கதவைத் திறந்து பார்க்கச் சொல்லி அவளுடைய கை துடித்தது. ஒரு தடவை திறந்தால் உள்ளே மிஞ்சியிருப்பதும் போய்விடும். கருங்கல்லும் செங்கல்லும் குடித்த சூடு மட்டும்தான் இனி. அதை வைத்திருக்க வேண்டியது அந்தச் சாம்பல். ஷிம்லா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, தன் கைகளைத் தன் தொடைக்குக் கீழே வைத்து, கதவுக்கு முன்னால் இருந்தாள். பரீட்சை மண்டபத்தில்கூட அவள் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை.

வேன் வந்து நின்றது. உம்மா இறங்கினார். மெலிந்திருந்தார், முக்காட்டின் ஓரத்தில் நரை தெரிந்தது. ஷிம்லாவைக் கண்டதும் அழுதார், அவளுடைய முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து மோந்தார். "தல யாரு பின்னின? தோணிக் கயிறு மாதிரி இரிக்கி." ஷிம்லா தன் கையாலேயே பின்னிக்கொள்ளப் பழகி எவ்வளவோ காலம், ஆனால் அவளுக்கும் அந்த ஒரு முடிச்சுத்தான் வரும்.

"எல்லாம் பொறகு கதைக்கலாம்," என்று முத்தலிபு அவசரப்படுத்தினார். குசினிக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டினார். லைட் எரியவில்லை. மறுபடி தட்டினார். ஓவனைப் பார்த்தார். ஷிம்லாவைப் பார்த்தார்.

"எப்பலேந்து?"

"நீங்க பாலாவிக்கு வரமுந்தியே."

அவருடைய முகம், ஒழுங்கையில் கழுதை மாதிரிக் கத்திய அன்று பின்னேரம் இருந்த மாதிரியே விழுந்தது. அவர் ஏதாவது சொல்லுமுன் ஷிம்லா கதவை இழுத்தாள். சூடு முகத்தில் அறைந்தது. இலங்கையை உள்ளே தள்ளினாள், கதவைச் சாத்தினாள்.

மூவரும் நின்றார்கள். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மணம் வந்தது. முதலில் மா, பிறகு சீஸ், பிறகு றால். முத்தலிபு கதவைத் திறந்து வெளியே எடுத்தபோது மேலே சீஸ் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஓரம் ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் வெளுத்திருந்தது. அடிப்பகுதியில் கருங்கல்லின் சூட்டுப் பொட்டுகள்.

உம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்தார். எடுத்தபடியே கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று வாயருகே கொண்டுபோனார். முத்தலிபு கதிரையை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் வைத்தார்.

"இருந்து தின்னுங்க."

உம்மா அவரைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். இருந்தார். கடித்தார். சீஸ் நூல் நூலாக நீண்டது.

"ஆஹ்," என்று வாயைத் திறந்து ஊதினார். "சுடுது. அல்லாஹ்வே, நாக்கு வெந்துட்டு." இரண்டாவது கடி கடித்தார்.

"இத்தாலியில இருந்து ஆள் வரும் பாருங்க, இதக் கத்துக்கொள்ள," என்றார் முத்தலிபு.

ஷிம்லா சுவர்ப்பக்கமாகத் திரும்பி, ஓவனுக்குப் பின்னால் எதையோ தேடுவது மாதிரிக் குனிந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன மகள்?" என்று கேட்டார் முத்தலிபு.

"ஒண்டுமில்ல. இந்த ஓவன்ட சூடு. கண்ணுல அடிக்கிது. ஃபேனும் இல்ல."

முத்தலிபு ஓவனுக்குப் பக்கத்தில் வந்தார். தகரத்தின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு ஷிம்லாவின் கையைப் பிடித்து, தன் கைக்குப் பக்கத்தில் அந்தத் தகரத்தில் வைத்தார். இளஞ்சூடுகூட இல்லை.

"எங்கட ஓவன்லேந்து சூடு வெளிய வராது, புள்ள," என்றார். "வேற ஏதாவது சொல்லு."